குக்கன்ஹைம் நிதியும் நம்மவர் கடமையும்

இளமையில் கல்வி கற்பவனுக்கு உதவி செய்ய நம் நாட்டில் பலர் இருக்கின்றனர். உபகாரச் சம்பளம் கொடுப்பார்கள். புஸ்தகம் வாங்கித் தருவார்கள். இலவச விடுதி நடத்துவார்கள். முதுமையெய்திப் புகழ் நிலைத்த பின்னர், பொன்னாடை போர்த்தவும் பட்டம் வழங்கவும் பலர் கூடுகின்றனர். இவ்விரு பருவங்களுக்கும் நடுவே நிற்கும் கலைஞனையும் அறிஞனையும், “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பார் அரியர். ஆனால், ஒருவனுடைய சிறந்த நூல் பிறப்பதும், ஒருத்தியின் தேர்ந்த சித்திரம் உருவாவதும் பெரும்பாலும் அந்த நடுப் பருவத்தில்தான். கை பழகிவிட்டது, கண் தெளிந்துவிட்டது, இன்னது செய்ய வேண்டுமென்பதும் விளங்கிவிட்டது. செய்வதற்குப் பொழுதுதான் இல்லை.

நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு கல்லூரி ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். இரண்டு நூல்கள் எழுதி அறிஞரிடையே நற்பெயர் பெற்றவர். மூன்றாவது நூலுக்கு வேண்டிய குறிப்புகளைப் பத்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறார். பகலெல்லாம் வகுப்பு, மாலையில் விடைத்தாள், ஞாயிற்றுக்கிழமையில் குடும்பக் காரியம். பிள்ளைகளின் படிப்புச் செலவும், பெற்றோரின் மருந்துச் செலவும், வீட்டுக் கடனும் அவரை வேலையினின்றும் ஒரு நாளேனும் அசையவொட்டா. குறிப்புகள் பெட்டியிலேயே பழுப்பேறுகின்றன. இப்படிப் பிறவாமலே மடியும் நூல்கள் எத்தனை என்று கணக்கெடுப்பார் இல்லை. இந்த நஷ்டம் அந்த ஆசிரியரோடு நிற்பதன்று. அவருடைய மொழியையும் தேசத்தையும் சார்ந்தது.

இக்குறையை உணர்ந்து, நடுப் பருவத்தினருக்கென்றே பொருளொதுக்கி நடத்தும் ஸ்தாபனங்கள் உலகில் சில உண்டு. அவற்றுள் நூறாண்டு கண்டது, நியூயார்க் நகரிலுள்ள ஜான் சைமன் குக்கன்ஹைம் ஞாபகார்த்த நிதி. அதன் வரலாற்றையும், அதனிடம் விண்ணப்பம் செய்யும் முறையையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டியதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நிதி பிறந்த வரலாறு

சைமன் குக்கன்ஹைம் என்பவர் அமெரிக்காவில் சுரங்கத் தொழிலாலும் உருக்காலைத் தொழிலாலும் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர். 1907 முதல் 1913 வரை கொலராடோ மாகாணத்தின் பிரதிநிதியாக அமெரிக்க செனட் சபையில் இருந்தவர். அவருடைய மூத்த மகன் ஜான் சைமன், கல்லூரிக்குப் புறப்படும் தறுவாயில், 1922 ஏப்ரல் 26ஆம் தேதியன்று 17ஆம் வயதில் நோயால் இறந்து போனான். மகன் பெயரால் மண்டபமோ சிலையோ எழுப்பலாமென்று எண்ணாமல், சைமனும் அவர் மனைவி ஓல்காவும் முதலில் 30 லட்சம் டாலர் கொடுத்து 1925ல் இந்த நிதியைத் தொடங்கினர். ஆண், பெண் என்றோ, இனம், நிறம், சமயம் என்றோ வேற்றுமை பாராட்டலாகாது என்று அன்றே விதித்தனர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிக்கலாகாதென்று பல மாகாணங்கள் சட்டம் வைத்திருந்த காலம் அது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் சித்திரச் சாலை கொண்டுள்ள குக்கன்ஹைம் நிதி வேறு. அது சைமனுடைய தமையனார் சாலமனின் பெயரால் நடப்பது.

முதல் ஆண்டில் உதவி பெற்றோர் 15 பேர். ஹென்றி ஆலன் மோ என்பவர் தொடக்கத்திலிருந்து 1963 வரை காரியதரிசியாகவும் தலைவராகவும் இருந்து இதன் நெறிமுறைகளை நிலைநிறுத்தினார். இதுவரை உதவி பெற்றவர்கள் 19,000 பேருக்கு மேல். வழங்கப்பட்ட தொகை 40 கோடி டாலருக்கு மேல்.

இந்நிதியின் தலையாய இயல்பு, அது நிபந்தனை விதிப்பதில்லை என்பதே. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உழைப்பதற்கு ஒரு தொகை கொடுக்கப்படுகிறது. தொகை எல்லோருக்கும் ஒன்றாக இராது. திட்டத்தின் தன்மையையும், விண்ணப்பித்தவருடைய பிற வருவாயையும் நோக்கி அளக்கப்படும். அதைக்கொண்டு ஒருவர் கப்பலேறலாம், வாடகை கொடுக்கலாம், மாவும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே அமர்ந்து எழுதலாம். மாதந்தோறும் கணக்கு ஒப்புவிக்கவோ, நிதிக்கு வாழ்த்துப் பாடவோ வேண்டுவதில்லை. விலைக்கு வாங்கப்படுவது வேலையன்று, விடுவிக்கப்படுவது காலம்.

பெற்றவர் யாவர்?

பெயர்ப்பட்டியலைப் புரட்டினால் வியப்பே மேலிடும். அமெரிக்க சங்கீதத்துக்குத் தனிக் குரல் கொடுத்த ஆரன் கோப்லண்டு 1925லேயே உதவி பெற்றவர். இரசாயனத்துக்கும் சமாதானத்துக்கும் தனித்தனியே நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், 1926ல் இந்நிதியின் உதவியால் ஐரோப்பாவுக்குச் சென்று, புதிதாகத் தோன்றிய குவாண்டம் விஞ்ஞானத்தை அதன் ஆசான்களிடமே கற்றார். நம் தேசத்துக்கும் இந்நிதிக்கும் பழைய தொடர்பு ஒன்றுண்டு. ஆர்தர் காம்டன் என்ற பௌதிக அறிஞர் 1926-27ல் இவ்வுதவியைக் கொண்டு பிரயாணம் செய்து வந்து தங்கியது லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில். 1927ஆம் ஆண்டிலேயே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மேற்கே போய்த்தான் அறிவு பெற வேண்டுமென்று நம்மவர் நினைத்திருந்த காலத்தில், மேற்கத்திய அறிஞர் ஒருவர் அந்த ஓராண்டைக் கழிக்க நம் கண்டத்தைத் தேர்ந்தது நினைவில் வைக்கத்தக்கது.

திட்டமிட்டபடியே எல்லாம் நடந்துவிடும் என்று எண்ணலாகாது. மக்காச்சோளத்தின் மரபணுக்களை ஆராய்ந்த பார்பரா மக்ளிண்டக் அம்மையார் 1933ல் இந்நிதியின் உதவியோடு ஜெர்மனிக்குச் சென்றார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. யாருடன் வேலை செய்ய நாடினாரோ அந்த யூத விஞ்ஞானி அதற்குள் நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். அம்மையார் மனம் நொந்து, காலம் முடியுமுன்னரே 1934ல் திரும்பிவிட்டார். அந்த ஆண்டு வீண் என்று அன்று சொல்லியிருப்பார்கள். 1983ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. நிதி நம்பியது ஒரு பிரயாணத்தையன்று, ஒரு மனிதரை.

ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்னும் கறுப்பின எழுத்தாளர் 1936ல் உதவி பெற்றபோது அவருக்கு வயது 45. ஜமைக்காவுக்கும் ஹெய்ட்டிக்கும் சென்று, அங்குள்ள ஜனங்களின் நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் ஆராய்ந்தார். ஹெய்ட்டியில் இருந்தபோதே சில வாரங்களுக்குள் ஒரு நாவலையும் எழுதி முடித்தார். 1937ல் வெளிவந்த அந்த நாவல்தான் இன்று அவர் பெயரை நிலைநிறுத்துவது. ஆயினும் 1960ல் அவர் வறுமையில் இறந்தார். கல்லறைக்கு ஒரு கல்லும் இல்லாமல் கிடந்து, 1973ல் ஆலிஸ் வாக்கர் என்ற எழுத்தாளர் தேடிக் கண்டு கல் நாட்டினார். ஓராண்டு உதவி ஒரு நூலைத் தரும். வாழ்நாள் முழுவதும் சோறு தராது. இதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

ஸுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ராபர்ட் பிராங்க் என்ற புகைப்படக் கலைஞர் 1955ல் உதவி பெற்று, பழைய மோட்டார் ஒன்றில் அமெரிக்கா முழுதும் சுற்றினார். அர்க்கன்ஸா மாகாணத்தில் அந்நியனென்று ஐயுற்ற போலீஸார் அவரைப் பிடித்துச் சில மணி நேரம் அடைத்து வைத்தனர். எடுத்த படங்கள் பல்லாயிரம். நூலில் சேர்த்தவை 83. தங்கள் நாட்டின் தனிமையையும் நிறவேற்றுமையையும் அப்படங்களில் கண்ட அமெரிக்கப் பத்திரிகைகள் சீறின. பணம் கொடுத்தவர்கள் நாட்டின் புகழைப் பாடச் சொல்லியிருந்தால் அந்நூல் பிறந்திராது.

விண்ணப்பம் செய்வோர் அறிய வேண்டியவை

2025ல், நிதியின் நூறாவது அணியில், சுமார் 3,500 விண்ணப்பங்களினின்றும் 198 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதினெட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் கிட்டுகிறதென்பது கணக்கு. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பிரஜைகளும், அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களும் விண்ணப்பம் செய்யலாம். ஆகவே சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. ஆனால் டொரான்டோவிலும் நியூ ஜெர்ஸியிலும் கலிபோர்னியாவிலும் வேரூன்றிவிட்ட தமிழர் தொகை சிறிதன்று. அவர்களில் எழுதுவோரும், ஆராய்வோரும், சித்திரம் தீட்டுவோரும், திரைப்படம் எடுப்போரும் உளர். அவர்களுக்கே இவ்வார்த்தைகள்.

மாணவர்களுக்கு இவ்வுதவி இல்லை. சங்கங்களுக்கும் இல்லை, தனி மனிதருக்கே உண்டு. கலாசாலைப் பட்டம் வேண்டுமென்ற விதியும் இல்லை. முன்னமே தக்க நூலோ, கண்காட்சியோ, ஆராய்ச்சியோ செய்து காட்டியிருக்க வேண்டும் என்பதே தகுதி. நம்மவர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பமும் உண்டு. மேடையில் பாடுவோருக்கும் ஆடுவோருக்கும் அந்தத் தொழில் பற்றி உதவி கிடையாது. புதிதாக இசை இயற்றுவோருக்கும், நடனம் அமைப்போருக்கும், படம் இயக்குவோருக்கும் உண்டு. கீர்த்தனைகளைப் பாடும் வித்வான் அந்த முகாந்திரத்தில் கேட்கலாகாது. புதிய உருப்படிகளை ஆக்கும் வித்வான் கேட்கலாம். பரத நாட்டியத்தில் புதிய நாடகம் அமைக்கும் ஆசிரியையும் அவ்வாறே.

விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில் சேர வேண்டும்; முடிவு அடுத்த ஏப்ரலில் வெளிவரும். கேட்கப்படுபவை முக்கியமாக நான்கு: இதுவரை செய்த பணியின் வரலாறு, நூல்கள் அல்லது படைப்புகளின் பட்டியல், இனிச் செய்யப்போவதன் திட்டம், நம்மைப் பற்றி எழுதத்தக்க நான்கு பேரின் பெயர்கள். அந்தந்தத் துறையில் வல்லவர்கள் முதலில் படித்து ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். பின்னர் தேர்வுக் குழு ஒன்று எல்லாத் துறைகளையும் சேர்த்து நிறுக்கும். இறுதியில் தர்மகர்த்தர்கள் முடிவு செய்வார்கள்.

நன்னூலார் காட்டிய வழி

இவையெல்லாம் மேனாட்டார் சடங்குகள், நமக்குப் பழக்கமில்லை என்று சொல்வோர் நன்னூலின் பாயிரப் பகுதியை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். சீயகங்கன் என்ற சிற்றரசன் வேண்டிக்கொள்ளப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நூல் அது. அதுவும் ஒரு புரவலன் உதவியால் பிறந்ததே. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் கூறுவோன் சொல்ல வேண்டிய செய்திகள் எட்டு என்று அவர் வகுத்தார்: ஆக்கியோன் யார், முன்னூல் எது, நூல் வழங்கும் எல்லை எது, அதன் பெயர் என்ன, எப்படித் தொகுக்கப்பட்டது, பொருள் என்ன, யாருக்காக, என்ன பயன். இன்னும் எழுதப்படாத ஒரு நூலுக்கு இந்த எட்டையும் தெளிவாகச் சொல்லிவிட்டால், குக்கன்ஹைம் நிதியார் கேட்கும் திட்டம் அநேகமாக முடிந்துவிட்டது.

பாயிரத்தைத் தானே எழுதிக்கொள்ளலாகாது, பிறர்தாம் எழுத வேண்டும் என்றும் அம்முனிவர் விதித்தார். எழுதத் தகுந்தவர் ஆசானும், உடன் பயின்றவனும், மாணாக்கனும், உரையாசிரியனும் ஆக நால்வர். நியூயார்க்கில் இருப்பவர்களும் நால்வரையே கேட்கின்றனர்! அந்நால்வர் யார் என்பதில்தான் நம்மவர் பெரிதும் தவறுகின்றனர். மந்திரியின் கடிதம், செல்வரின் கடிதம், சங்கத் தலைவரின் கடிதம் என்று தேடி அலைகின்றனர். உங்கள் நூலைப் படியாதவர் எவ்வளவு பெரிய பதவியிலிருந்தாலும் அவர் எழுதும் நான்கு வரி வெறும் உபசாரமாகவே நிற்கும். உங்கள் வேலையை நுணுகி அறிந்த ஒரு சாதாரணப் பேராசிரியர், இன்ன அத்தியாயத்தில் இன்ன கருத்தை இவர் முதன் முதலில் நாட்டினார் என்று எழுதுவாரானால், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். அந்த நால்வருக்கும் உங்கள் திட்டத்தின் பிரதியை முன்னதாகவே அனுப்பிவிடுவது நலம்.

தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதில் தமிழனுக்குள்ள கூச்சம் பெரிது. அவையடக்கம் நம் மரபு. அதை இகழ்வோம் அல்லோம். ஆனால் அடக்கத்துக்கும் எல்லை வகுத்தவர் நன்னூலாரே. அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாருக்கு அதை விளக்கும்போதும், பேரவையில் வாதிட்டு வெல்லும்போதும், மாற்றான் பழித்துரைத்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகுமென்று அவர் இசைவு கொடுத்திருக்கிறார். நிதிக்கு எழுதும் விண்ணப்பம் இவற்றுள் முதலிரண்டும் சேர்ந்தது. முன்பின் அறியாதார் அவைக்கு நாம் ஓலை விடுக்கிறோம். அங்கே, “அடியேன் ஏதோ சிறிது எழுதியிருக்கிறேன்” என்று தொடங்குவது அடக்கமாகாது. படிப்பவனுக்கு வேண்டிய செய்தியை மறைப்பதாகும். அதற்கு மாறாக அடைமொழிகளை அடுக்குவதும் பயன் தராது. செய்ததை ஆண்டோடும் பெயரோடும் சொன்னால் போதும்.

திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “சோழர் கால நாகரிகத்தை ஆராய விரும்புகிறேன்” என்பது விருப்பம், திட்டமன்று. தொண்டை மண்டலத்துப் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் வரும் ஏரி வாரியங்கள், ஏரியைப் பேணுவதற்கு வேண்டிய பொருளை எங்கிருந்து திரட்டின என்ற வினாவை எடுத்துக்கொள்கிறேன். இதுவரை ஆராய்ந்தோர் இவ்வளவு சொல்லியிருக்கின்றனர். இந்த இடத்தில் ஐயம் நிற்கிறது. இன்ன ஊர்களில் இத்தனை மாதம் இருந்து கல்வெட்டுகளை ஒப்பிடுவேன். ஆண்டு முடிவில் நூலின் இத்தனை அத்தியாயங்கள் கையிலிருக்கும் என்பது திட்டம். படிப்போரில் அத்துறை வல்லாரும் இருப்பர், பிற துறையினரும் இருப்பர். முன்னவர் குற்றம் காணாதபடியும், பின்னவர்க்கு விளங்கும்படியும் ஒரே நடையில் எழுதுவது எளிதன்று. ஒரு மாதமேனும் அதற்கு ஒதுக்க வேண்டும்.

கிடைக்காமற் போனால்? மறுபடியும் விண்ணப்பம் செய்யத் தடை இல்லை. பதினேழு பேர் தோற்கும் இடத்தில் தோற்பது இழுக்காகாது. விண்ணப்பத்தை எழுதி முடித்தவனுக்கு அவன் நூலின் எலும்புக்கூடேனும் கையில் மிஞ்சுகிறது.

பணம் எங்கிருந்து வந்தது?

தேச காரியங்களில் ஈடுபட்ட நம் நேயர்கள் ஒரு வினா எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். இந்தப் பணம் யாருடைய வியர்வை? குக்கன்ஹைம் குடும்பத்தாரின் கம்பெனிக்குச் சொந்தமான டென்வர் நகரத்து உருக்காலைகளில், 1903ல் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். சிலி தேசத்துச் சூக்கிகமாட்டா தாமிரச் சுரங்கத்தை அக்குடும்பத்தார் 1923ல் பெருவிலைக்கு விற்றனர். பூமிக்கடியிலிருந்து வந்த செல்வத்தில், பூமிக்கடியில் உழைத்தவனுக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கேள்வி நியாயமானது. நிதியின் நற்செயல் அந்தக் கேள்வியை அழித்துவிடாது.

ஆயினும், கொடையாளியின் கை கொடுத்த பிறகு எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கொடுத்தவன் தன் கொள்கையை வாங்குபவன் எழுதுகோலில் ஏற்றினால் அது கூலி. கொடுத்துவிட்டு விலகி நின்றால் அது கொடை. இந்நிதியார் பெரும்பாலும் விலகி நின்றிருக்கின்றனர். ராபர்ட் பிராங்கின் நூலே சாட்சி. மேலும், சர்க்கார் பணம் மட்டுமே தூயதென்று நம்பியிருப்போருக்கும் அமெரிக்காவே ஒரு பாடம் காட்டியது. 2025 ஏப்ரலில், அந்நாட்டு மானிடக் கல்விக்கான தேசிய நிதி, முன்னமே ஒப்புக்கொண்டு வழங்கிவந்த பல உதவிகளை ஆட்சி மாற்றத்தின் பின் திடீரென்று ரத்து செய்தது. பாதியில் நின்ற ஆராய்ச்சிகள் பல. ஆளுவோர் மாறினால் நூலும் நிற்கும் என்ற நிலை எந்த தேசத்துக்கும் நல்லதன்று. உதவி பல ஊற்றுகளினின்றும் வர வேண்டும்; எந்த ஊற்றும் எழுத்தாளனை ஆளக்கூடாது.

நம் தேசத்தில் வேண்டுவது

நம் மத்திய சர்க்காரின் கலாசார இலாகா, நாற்பது வயது கடந்த கலைஞர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் இரண்டாண்டு உதவி கொடுக்கும் திட்டமொன்றை வைத்திருக்கிறது. எண்ணம் நல்லது. ஆனால் அதில் மாதத்துக்கு வகுத்த 20,000 ரூபாயைக் கொண்டு பட்டணத்தில் குடித்தனம் செய்வோர் வேலையை விட்டு வெளிவர இயலுமா என்று கேட்கிறோம். வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் செய் என்பது, மாட்டை அவிழ்க்காமலே மேய விடுவது போலாகும்.

தமிழ்நாட்டில் செல்வருக்குக் குறைவில்லை. ஆலை முதலாளிகள் இருக்கின்றனர். கல்லூரி நடத்தும் தர்மஸ்தாபனங்கள் இருக்கின்றன. கடல் கடந்து பொருளீட்டிய குடும்பங்கள் இருக்கின்றன. விழாவுக்கும் விருதுக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை எடுத்து, ஆண்டுக்குப் பத்துப் பேரை ஓராண்டு முழுதும் வேலைக் கவலையினின்றும் விடுவித்தால், பத்தாண்டில் நூறு நூல்களேனும் தமிழுக்குக் கிடைக்கும். தேர்வு செய்பவர்கள் துறை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஜாதியும் கட்சியும் சிபாரிசும் அந்த அறைக்குள் நுழையக்கூடாது. கொடுத்த பின்னர் கொடுத்தவர் பேசக்கூடாது. இம்மூன்றும் இருந்தால் நிதி சிறியதாயினும் பயன் பெரிது.

கடல் கடந்து வாழும் தமிழ்க் கலைஞருக்கும் அறிஞருக்கும் நாம் சொல்வது ஒன்றே. கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. உங்கள் பெட்டியில் பழுப்பேறும் குறிப்புகளை வெளியே எடுங்கள். யார், எது, எங்கே, எதற்கு, யாருக்காக என்பதை ஒழுங்காக எழுதுங்கள். உங்கள் வேலையை அறிந்த நால்வரை நாடுங்கள். நாணிக் கிடப்பதால் நூல் வளராது, கேட்பவனுக்கே கொடுப்பார். தாய்நாட்டில் இருக்கும் செல்வர்களுக்கோ, நாங்கள் வேண்டிக்கொள்வது: கேட்க வருபவனுக்கு ஒரு கதவேனும் இங்கே அமையுங்கள்.